பிரபா டீச்சரின் தூக்கம்

பன்னிரண்டாம் வகுப்பு அரசுத் தேர்வு நடந்துகொண்டிருந்த மார்ச் மாதத்தில், ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு, பிரபா டீச்சர் நின்றபடியே தூங்கிப்போனாள்.

குமாரபாளையத்தில் ஒரு பள்ளிக்கு அறைக் கண்காணிப்பாளராக அவளைப் போட்டிருந்தார்கள். உட்கார்ந்தால் கண் சொருகிவிடும் என்று தெரிந்துதான் அவள் நாற்காலிப் பக்கமே போகாமல் இருந்தாள். ஜன்னல் கம்பியில் தோளைச் சாய்த்தது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது, பறக்கும் படை அதிகாரி முகத்துக்கு நேரே நின்று, "மேடம், எவ்வளவு நேரமா இப்படி?" என்று கேட்டதுதான். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் கூடுதல் விடைத்தாளுக்காகக் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு முறை கூப்பிட்டும் டீச்சர் திரும்பவில்லை என்று பிறகு சொன்னார்கள்.

அடுத்த வாரம் விளக்கம் கேட்டு மெமோ வந்தது.

பிரபாவுக்கு வயது நாற்பத்தாறு. திருச்செங்கோட்டுக்கு அருகே ஒரு கிராமத்தில் வீடு. உள்ளூர் மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் டீச்சர். கணவன் தமிழரசு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் மேனேஜர். வடக்கே சத்தீஸ்கரில் போர் போடப் போனால் எட்டு மாதம் பத்து மாதம் கழித்துத்தான் வருவான். மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படித்தாள். வீட்டில் பிரபாவும் மாமியார் பாப்பாயியும் மட்டும். பாப்பாயிக்குக் காது மந்தம். இருவரும் தனித்தனி அறையில் படுத்துக்கொள்வார்கள்.

இந்த அசதி ஆறு வருடமாக இருந்தது. இரவு ஒன்பதரைக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுந்தாலும், ராத்திரி முழுக்கக் கல் சுமந்தவள் போல உடம்பு கிடக்கும். விடிந்ததும் நெற்றிப்பொட்டு இரண்டும் வலிக்கும். இடையில் மூன்று நான்கு தடவை சிறுநீர் கழிக்க எழுந்திருக்க வேண்டும். மதிய உணவுக்குப் பிறகு வரும் வகுப்பில் கரும்பலகையில் பாதிப் படத்தை வரைந்துவிட்டு, மீதியில் என்ன வரும் என்று தெரியாமல் நிற்பாள்.

அவள் டாக்டரிடம் போகாமல் இல்லை. முதல் டாக்டர் ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். இரண்டாமவர் தைராய்டு சற்று முன்னே பின்னே இருக்கிறது என்றார். மூன்றாமவர் சர்க்கரை பார்த்தார், இல்லை. மாதவிலக்கு நின்ற வருடத்தில், "இந்த வயசுல எல்லாருக்கும் இப்படித்தாம்மா இருக்கும்" என்று ஒரு பெண் டாக்டர் சொல்லி அனுப்பினார். கடைசியில் ஈரோட்டில் ஒரு மனநல மருத்துவர், புருஷன் வருடம் முழுக்க வெளியூரில் என்று கேட்டதும் தலையை ஆட்டி, மனச்சோர்வுக்கு ஒன்றும் தூக்கத்துக்கு ஒன்றுமாக எழுதிக் கொடுத்தார். அதைப் போட்ட இரண்டு வருடத்தில் காலைத் தலைவலிதான் கூடியது. தனக்கு மனதில் வருத்தம் ஒன்றும் இல்லையே என்று அவளுக்குத் தோன்றும். ஆனால் டாக்டரே சொல்லும்போது, நமக்குத் தெரியாத வருத்தம் ஏதாவது உள்ளே இருக்குமோ என்று நம்பவும் ஆரம்பித்துவிட்டாள். பள்ளியில், "டீச்சருக்குக் கொஞ்சம் சோம்பல்" என்று பேசிக்கொண்டது காதில் விழுந்தபோது, அதையும் அப்படியே நம்பினாள்.

ஏப்ரல் கடைசியில் பாப்பாயி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். சேலத்தில் ஒரு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. மூன்று கட்டில் போட்ட அறை. மாமியார் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் பிரபா படுத்துக்கொண்டாள்.

இரண்டாம் நாள் காலை ஏழரை மணிக்கு, இரவுப் பணி முடிந்து கிளம்பிய நர்ஸ் அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். அக்சிலியா என்று பெயர். ஐம்பதை ஒட்டிய வயது.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. ராத்திரி உங்க மாமியாருக்கு பி.பி. பார்க்க வந்தேன். ஆனா அவங்களைவிட உங்களைத்தான் அதிக நேரம் பார்த்துட்டு நின்னேன்."

பிரபாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "கொறட்டை உட்டுட்டனுங்களா?"

"குறட்டை லேசாத்தான். அது நின்னப்பதான் எனக்குப் பயமாப் போச்சு. நெஞ்சு ஏறி இறங்குது, ஆனா மூக்குல காத்து இல்ல. வாட்ச்சைப் பார்த்தேன். முப்பத்திரண்டு செகண்ட். அப்புறம் திணறி ஒரு மூச்சு இழுத்தீங்க. ரெண்டு நிமிஷத்துல திரும்ப அதே மாதிரி. உங்க விரல்ல ஆக்சிஜன் பார்க்கிற கிளிப்பை மாட்டிப் பார்த்தேன். தொண்ணூத்தஞ்சுக்கு மேல இருக்க வேண்டியது எண்பத்தொண்ணு வரைக்கும் இறங்குச்சு. நீங்க முழிக்கவே இல்ல."

"எனக்கு ஒண்ணுமே தெரியலீங்களே."

"தெரியாது. தூங்கறவங்களுக்கு எப்படித் தெரியும்? நான் பத்து வருஷம் ஐ.சி.யு.வில இருந்தவ, அதனால கண்ணுல பட்டுச்சு. தூக்க மாத்திரை ஏதாவது போடறீங்களா?"

"ரெண்டு வருசமாப் போடறனுங்க."

அக்சிலியா உதட்டைக் கடித்துக்கொண்டார். "அது இதை இன்னும் மோசமாக்கும். ஆனா நீங்களா நிறுத்திடாதீங்க, அதுவும் ஆபத்து. எழுதிக் கொடுத்தவரைப் போய்ப் பாருங்க. அதுக்கு முன்னாடி மூணாவது மாடியில நுரையீரல் டாக்டர் இருக்கார். இன்னிக்கே பாருங்க. அம்மாவை நான் பக்கத்து வார்டு சிஸ்டர்கிட்ட சொல்லிப் பார்த்துக்கச் சொல்றேன்."

டாக்டர் ஜெரால்டுக்கு நாற்பது வயது இருக்கும். அவள் எப்போதும் கைப்பையிலேயே வைத்திருந்த பழைய சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"ஆறு வருஷத்துல அஞ்சு டாக்டர். தூக்கத்தைப் பத்தி யாராவது கேட்டாங்களா?"

"தூக்கம் வருதான்னு கேட்டாங்க. நல்லா வருதுன்னு சொன்னேன்."

"எப்படித் தூங்கறீங்கன்னு?"

"அது எனக்கு எப்படிங்க தெரியும்?"

அவர் சிரித்துவிட்டார். பிறகு வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். பக்கவாட்டில் திரும்பச் சொல்லித் தாடையைக் கவனித்தார். ஐம்பத்தொரு கிலோ எடை. தூக்கத்தில் மூச்சு அடைபடும் இந்த நோய் குண்டானவர்களுக்கு மட்டுமே வரும் என்று நினைத்துப் பலர் ஒல்லியானவர்களைச் சந்தேகிப்பதே இல்லை என்றார். அவளுடைய கீழ்த்தாடை சிறியது, கொஞ்சம் உள்வாங்கியது. தொண்டை வழியும் குறுகல். தூக்கத்தில் தசை தளரும்போது நாக்கு பின்னால் சரிந்து அந்த வழியை அடைக்கிறது. மாதவிலக்கு நின்ற பிறகு இது கூடும். "ஆனா இதெல்லாம் என் ஊகம்தான். டெஸ்ட் பண்ணாம நான் எதுவும் சொல்லமாட்டேன்" என்று முடித்தார்.

பாப்பாயி வீடு திரும்பிய மறுவாரம் டெஸ்ட் நடந்தது. தலையிலும் தாடையிலும் காலிலும் ஒயர் ஒட்டி, மார்பைச் சுற்றிப் பட்டை கட்டிப் படுக்கவைத்தார்கள். இந்தக் கோலத்தில் யாருக்குத் தூக்கம் வரும் என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனாள்.

முடிவைச் சொல்லும்போது டாக்டர் ஜெரால்டு குரலை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை. ஒரு மணி நேரத்துக்கு முப்பத்தேழு தடவை மூச்சு நிற்கவோ குறையவோ செய்திருக்கிறது. அதிகபட்சம் ஐம்பத்தெட்டு செகண்ட். ஆக்சிஜன் எழுபத்து மூன்று வரை இறங்கியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் மூளை அவளை எழுப்பியிருக்கிறது. அவளுக்குத் தெரியாமலே எழுப்பியிருக்கிறது. அந்தத் தலைவலியும், ராத்திரி சிறுநீரும், இங்கே பார்த்தபோது ஏறியிருந்த ரத்த அழுத்தமும்கூட இதனால் வந்திருக்கலாம்.

பிரபா ரிப்போர்ட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். நோய் இருக்கிறது என்று கேட்டு யாராவது சந்தோஷப்படுவார்களா? அவளுக்கு வந்தது சந்தோஷம்தான். அதன் பின்னாலேயே ஆத்திரமும் வந்தது. சோம்பல் என்றார்களே, அதைத் தானும் நம்பினோமே என்ற ஆத்திரம்.

அன்று சாயங்காலம் தமிழரசுவுக்குப் போன் போட்டாள்.

"மூச்சு நிக்குதா? என்ன பிரபா சொல்ற?" அவனுக்குப் பின்னால் கம்ப்ரசர் சத்தம் கேட்டது. கொஞ்சம் தள்ளிப் போய் மறுபடி பேசினான். "நான் பக்கத்துல இருந்திருந்தா எப்பவோ தெரிஞ்சிருக்கும்."

"இருந்திருந்தா நீங்களும் தூங்கிட்டுத்தானுங்க கெடந்திருப்பீங்க" என்றாள்.

மருந்து என்று இதற்கு மாத்திரை கிடையாது. மெஷின் ஒன்று, அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் முனையில் மூக்கை மூடும் மாஸ்க். காற்றை மெல்லிய அழுத்தத்தில் செலுத்தித் தொண்டையை அடைபடாமல் திறந்து வைத்திருக்கும். தினமும், தூங்கும் நேரம் முழுக்கப் போட வேண்டும். டாக்டரின் சீட்டை ஒரு கடையில் காட்டி வாங்கி வந்தாள்.

வாக்கர் பிடித்து நடக்கப் பழகிக்கொண்டிருந்த பாப்பாயி அதை எட்டிப் பார்த்தாள். "ஏன் அம்மிணி, எனக்கு ஆஸ்பத்திரியில போட்டதை நீ ஊட்டுக்கே கொண்டாந்துட்டியா?"

முதல் நாளிலிருந்தே நரகம். மாஸ்க்கின் மேல் ஓரத்திலிருந்து காற்று கசிந்து கண்ணில் அடித்தது. வாய் திறந்துகொண்டு நாக்கு அட்டை மாதிரி உலர்ந்தது. காலையில் பார்த்தால் மாஸ்க் தரையில் கிடக்கும். எப்போது கழற்றினாள் என்று அவளுக்கே தெரியாது. அசதி முன்னைவிட அதிகம். பன்னிரண்டாம் நாள் மெஷினைப் பெட்டியில் போட்டுப் பீரோவின் மேலே ஏற்றிவிட்டாள். சரியான நோயைக் கண்டுபிடித்துவிட்டார்கள், ஆனால் அதற்கான வைத்தியம் நமக்கு ஒத்துவராது என்று முடிவு கட்டிக்கொண்டாள்.

மாமியாரைத் திரும்பக் காட்ட சேலம் போன அன்று, அக்சிலியா வராந்தாவில் எதிர்ப்பட்டார்.

"மெஷின் எப்படி டீச்சர்?"

பொய் சொல்லலாம் என்று நினைத்த பிரபா, அவர் முகத்தைப் பார்த்ததும் உண்மையைச் சொன்னாள். அக்சிலியா திட்டவில்லை. "நிறையப் பேர் இங்கதான் விட்டுடறாங்க. செருப்பு கடிச்சா வேற சைஸ் கேக்க மாட்டோமா? நந்தகுமாரைப் பாருங்க, அவர்தான் டெஸ்ட் எடுத்தவர்" என்று நம்பர் கொடுத்தார்.

இரண்டு நாள் கழித்துப் பிரபா மெஷினையே தூக்கிக்கொண்டு போனாள். நந்தகுமார் அதிலிருந்த கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டுப் படித்தான்.

"சராசரி ரெண்டு மணி நேரம்தான் போட்டிருக்கீங்க மேடம். போட்ட நேரத்திலயும் பாதிக் காத்து வெளியதான் போயிருக்கு. முகத்தை அளந்தாங்களா?"

"இல்லீங்க. எல்லாருக்கும் இதுதான்னு கொடுத்தாங்க."

அவன் ஒரு பிளாஸ்டிக் அளவுகோலை அவள் மூக்கில் வைத்துப் பார்த்தான். கொடுத்திருந்தது பெரிய அளவு. மூக்கடைப்பும் இருந்ததால் வாயால்தான் மூச்சு விடுகிறாள். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் சின்ன அளவு மாஸ்க்குக்கு மாற்றினான். காற்றை ஈரப்படுத்தும் தண்ணீர்த் தொட்டியை எப்படிப் பொருத்துவது என்று காட்டினான். டாக்டர் மூக்குக்கு ஸ்பிரே எழுதினார்.

"ஒரு வாரம் பகல்ல டி.வி. பாக்கும்போது போட்டுட்டு உட்காருங்க" என்றான் நந்தகுமார். "தூங்க வேண்டாம். சும்மா போட்டுட்டு இருங்க. மூஞ்சிக்குப் பழகட்டும்."

அப்படியே செய்தாள். பாப்பாயி பக்கத்தில் உட்கார்ந்து சீரியல் பார்த்தபடி, "யானைக்குட்டி மாதிரி இருக்கற அம்மிணி" என்று சொல்லிச் சிரித்தாள். மாஸ்க்குக்குள்ளேயே பிரபாவும் சிரித்தாள். சிரித்தால் காற்று கசிந்து விசில் அடித்தது.

ஒரு வாரம் கழித்து இரவிலும் போட்டுக்கொண்டு படுத்தாள். ஒன்பதாம் நாள் காலை ஐந்தே முக்காலுக்குக் கண் விழித்தாள். ஏதோ குறைகிறது என்று பட்டது. கொஞ்ச நேரம் படுத்தபடியே யோசித்தாள். தலைவலி இல்லை. ராத்திரி ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை. பள்ளிக்கூடம் திறந்த வாரம் அது. மதியம் இரண்டு மணிக்கு வழக்கமாக வரும் தூக்கத்துக்காகப் பயந்துகொண்டே வகுப்பில் காத்திருந்தாள். வரவில்லை. இலைத்துளையின் படத்தை முழுதாக வரைந்து பாகமும் குறித்து முடித்தாள். பிள்ளைகளுக்கு அதில் அதிசயம் ஒன்றும் தெரியவில்லை, குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஈரோட்டு டாக்டரிடம் ரிப்போர்ட்டைக் காட்டினாள். அவர் நிதானமாகப் படித்துவிட்டு, "நான் கேட்டிருக்கணும்மா" என்றார். இரண்டு மாத்திரையையும் பாதியாக்கி, பிறகு கால்வாசியாக்கி, இரண்டு மாதத்தில் நிறுத்த அட்டவணை எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அவர்மேல் இருந்த கோபம் அவளுக்குப் பாதி இறங்கிவிட்டது.

மெமோவுக்கான விசாரணை ஜூன் கடைசியில் நாமக்கல்லில் நடந்தது. அதிகாரி ரிப்போர்ட்டை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார். "தூங்கினதுக்கு டாக்டர் ரிப்போர்ட்டாம்மா?"

"தூங்காததுக்குங்க சார்" என்றாள் பிரபா. "ஆறு வருசமா நான் சரியாத் தூங்கவே இல்லீங்க. படுத்துக் கெடந்தேன், அவ்வளவுதான்."

எழுத்து மூலமான எச்சரிக்கையோடு விட்டார்கள். சம்பள உயர்வில் கை வைக்கவில்லை. ஆனால் கையைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணுக்கு எத்தனை மார்க் போயிற்று என்பது அவளுக்குத் தெரியப்போவதில்லை. அதற்கு எந்த ரிப்போர்ட்டும் சமாதானம் சொல்லவில்லை.

ஜூலையில் வடக்கே மழை பிடித்து ரிக் வண்டி ஊர் திரும்பியது. தமிழரசு வந்த முதல் வேலையாக, கரண்ட் போனாலும் மெஷின் நிற்காமல் ஓட இன்வெர்ட்டர் மாட்டினான். அவன் வந்த மூன்றாம் நாள் காலை, பிரபா அடுப்படியில் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றவள், திடீரென்று கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அத்தை, எனக்கு ராத்திரி கனவு வந்துச்சுங்க!"

காதில் சரியாக விழாத பாப்பாயி வாக்கரைத் தள்ளிக்கொண்டு கிட்டே வந்தாள். "என்ன வந்துச்சு?"

"கனவுங்க. கனவு வர்ற அளவுக்கு நான் தூங்கியே பல வருசம் ஆச்சுங்க."

"சாமி கீமி வந்துதா?"

"அதெல்லாம் இல்லீங்க. பழைய பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன். பஸ் கெளம்பிப் போவுது. நான் பின்னாடியே ஓடறேன். அவ்வளவுதானுங்க."

பாப்பாயி மருமகளின் முகத்தை ஏற இறங்கப் பார்த்தாள். இதற்கா இத்தனை பூரிப்பு என்று அவளுக்கு விளங்கவில்லை.

"பஸ்சு கெடைச்சுதா?"

"கெடைக்கலீங்க" என்று சொல்லிவிட்டுப் பிரபா வாய்விட்டுச் சிரித்தாள்.