மஞ்சள் சீட்டித் துண்டு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழு ஆடியில், ராஜபாளையம் சங்கையா வீட்டு ஒட்டுப்போர்வையில், அவர் மகள் முத்துப்பேச்சியின் மஞ்சள் சீட்டித் துணித் துண்டு நடுவிலிருந்து கிளம்பி ஓரத்தைப் பார்த்து நகர ஆரம்பித்தது. தெருவுக்கு இது புதிதல்ல. அந்த வீட்டில் பிறந்தவளோ வாழ வந்தவளோ, அவள் உடுத்திய துணியில் ஒரு துண்டை வெட்டிப் போர்வையில் சேர்ப்பது வழக்கம். கண்டாங்கிக் கட்டம், கையில் பட்டதே தெரியாத வாயில் துணி, வழுக்கிக்கொண்டு ஓடும் நைலக்ஸ் எல்லாம் அதில் உண்டு. சுங்குடியில் முடிச்சுப் போட்ட இடங்கள் இத்தனை வருஷம் கழித்தும் குட்டிக்குட்டியாகப் புடைத்திருக்கும். ஷிப்டு முடிந்து வரும் மில் பெண்கள் உள்ளே வந்து தடவிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். பஞ்சிலும் நூலிலும் பிழைக்கிற ஊர். நல்ல துணியைக் கண்டால் கை சும்மா இருக்காது.

எந்தத் துண்டு ஓரத்துக்கு வந்து உதிர்கிறதோ, அதற்குரியவள் வீட்டை விட்டுப் போவாள். சங்கையாவின் அக்காளுடைய ரோஸ் வாயில் துண்டு உதிர்ந்த வாரம் அவள் தேவதானத்துக்கு வாக்கப்பட்டுப் போனாள். தம்பி மனைவியின் நீல நைலக்ஸ் உதிர்ந்தபோது அவளைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போனார்கள். போகிற இடத்தை மட்டும் போர்வை சொல்லாது. அந்த விஷயத்தில் அது படு அழுத்தம்.

முத்துப்பேச்சிக்கு மம்சாபுரத்தில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். அதே சமயம் டைபாய்டிலும் கிடந்தாள். துண்டு நகர்வது கல்யாணத்துக்கா, சாவுக்கா என்று தாய் வேலுத்தாய்க்குத் தெரியவில்லை. துண்டு ஓரத்தைத் தொட ஒரு விரல்கடை இருக்கையில், பேண்டேஜ் துணியைக் கிழித்துப் போர்வையைச் சுற்றிலும் கரை வைத்தாள். காயத்துக்குக் கட்டுகிற துணி, உயிரை நிறுத்தாதா என்ற நினைப்பு. அப்படியும் மனம் ஆறாமல் மஞ்சள் துண்டின் மேல் குறுக்கும் நெடுக்குமாகத் தையல் போட்டாள். காய்ச்சல் இறங்கியது. ஸ்ரீவில்லிபுத்தூர் போய் ஆண்டாளைக் கும்பிட்டாள். வந்து ஊசியையும் கும்பிட்டாள்.

தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டில்தான் தாலி கட்டு என்பதால் வாசலில் வேன் நின்றது. முத்துப்பேச்சி வாசற்படி வரை வந்தாள், அதற்கு மேல் கால் எழவில்லை. தாய்மாமன்மார் இழுத்துப் பார்த்தார்கள். நிலைக்கதவு ஆடியது, பெண் அசையவில்லை.

"முகூர்த்தம் போய்க்கிட்டு இருக்கு. பொண்ணுக்கு இஷ்டமில்லைன்னா இப்பமே சொல்லிருங்க" என்று மாப்பிள்ளையின் சித்தப்பா ஐயாதுரை சத்தம் போட்டார்.

"இஷ்டந்தான் மாமா, காலுதான் வரமாட்டேங்கு" என்று பெண் அழுதாள்.

வேலுத்தாய்க்குப் புரிந்துவிட்டது. உள்ளே ஓடிப் போர்வையை மடியில் போட்டு பிளேடை எடுத்தாள். காய்ச்சல் திரும்பி வந்துவிட்டால்? பெற்றவள் எப்படி வெட்டுவாள்?

சங்கையா கதவோரம் வந்து நின்றார். "ஏட்டி, பிரிச்சு விடு."

"செத்துப்போனாள்னா?"

வாசலிலிருந்து மகள் கத்தினாள்: "எம்மா, அவுத்து விடு. எங்க போனாலும் போறேன்."

வேலுத்தாய் தையலைப் பிரித்தாள். மஞ்சள் துண்டு விறுவிறுவென்று பேண்டேஜ் கரையைத் தாண்டித் தரையில் விழுந்தது. வெளியே ஒரு சத்தமும் இல்லை. அவள் காதைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கையையும் மீறிக் குலவைச் சத்தம் கேட்டது.

முத்துப்பேச்சி மம்சாபுரத்தில் நன்றாக இருந்தாள், இரண்டு பிள்ளை பெற்றாள். ஆண்டாள் தேருக்கு வரும்போதெல்லாம் தாய் வீட்டுக்கும் வந்து, போர்வையில் தன் துண்டு இருந்த ஓட்டை வழியே பிள்ளைகளுக்கு விரலை ஆட்டிக் காட்டுவாள்.

தொண்ணூற்றாறில் வேலுத்தாயின் சிவப்புச் சுங்குடி நகர்ந்தது. முதலில் பார்த்தது சங்கையாதான். அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டு வந்து நீட்டினார். வேலுத்தாய் அதை வாங்கி, நூலை உருவிவிட்டு, ஊசியைக் காலண்டரில் குத்திவைத்தாள்.

"மக வீட்டுலதான் போயி இருக்கப் போறேனோ என்னமோ" என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போனாள்.