மெத்தைக் கட்டுரையில் ஒரு சிட்டிகை அக்கா

1.

இந்தக் கதை என்னுடையது அல்ல. பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என் சட்டையைப் பிடிப்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு நடந்தது இது. அவள் அழுதுகொண்டே சொன்னாள், நான் தலையாட்டிக்கொண்டே கேட்டேன். தலையாட்டும்போதே எனக்குள் ஓர் ஆசாமி, "சிக்கிடுச்சுடா கதை" என்று கையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அந்த ஆசாமிதான் இதை எழுதுகிறான். நான் சும்மா தட்டச்சு செய்கிறேன்.

எழுதிக் கைவிட்ட தொடக்கங்கள்:

"இயந்திரங்கள் எழுதக் கற்றுக்கொண்ட அந்தக் காலத்தில்..." [வேண்டாம். எனக்குத் தீர்க்கதரிசி வேஷம் பொருந்தாது.]

"வெளியே மழை. அவள் ஜன்னல் வழியே..." [அந்த அலுவலகத்தில் ஜன்னலே கிடையாது. ஏசியிலிருந்து ஒழுகும் தண்ணீருக்கு ஒரு நீல வாளிதான் இருந்தது.]

"அவள் பெயர்..." [அதுவும் வேண்டாம். வீட்டில் அவளைச் சின்னவள் என்பார்கள், அவள் அக்காவைப் பெரியவள் என்பார்கள். நமக்கும் அதுவே போதும்.]

2.

சின்னவளுக்கு வேலை, கம்பெனிகளுக்காகக் கட்டுரை எழுதுவது. விளம்பரம் என்று யாரும் சொல்லக்கூடாது. 'உள்ளடக்கம்' என்று சொல்ல வேண்டும். "முதுகுவலி ஏன் வருகிறது?" என்று அக்கறையாக ஆரம்பித்து, கடைசிப் பத்தியில் நைசாக மெத்தையை விற்றுவிட வேண்டும். படிக்கிறவர்களுக்கு வைத்தியம் கிடைத்த மாதிரியும் இருக்கும், கம்பெனிக்குக் கல்லாவும் நிறையும்.

மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் புனல். எதைக் கேட்டாலும் பலகையில் ஒரு புனல் படம் வரைவார். மேலே ஜனங்கள் விழுவார்கள், கீழே வாடிக்கையாளர்களாகச் சொட்டுவார்கள். ஒருநாள் அவர் செயற்கை நுண்ணறிவு எழுத்து உதவியாளன் ஒன்றை வாங்கி எல்லாருடைய கணினியிலும் இறக்கினார். அன்றே அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் விழுந்துவிட்டது. செலவு பண்ணிக் கூட்டி வந்தாயிற்று, என்ன செய்தாலும் மெச்ச வேண்டும், குறை சொன்னால் குடும்பத்துக்கே ஆகாது. வேறென்ன பெயர் வைப்பது?

மாப்பிள்ளை ஒரு நிமிடத்தில் ஆயிரம் சொல் எழுதினார். ஒரு பிழை கிடையாது, ஒரு உயிரும் கிடையாது. மெத்தைக் கம்பெனிக்காரர், "யாரோ நோட்டீஸ் வாசிக்கிற மாதிரி இருக்கே" என்று முகம் சுளித்தார். புனல் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார்.

"மாப்பிள்ளை சமைச்சிடுவார்மா. நீ உப்பு மட்டும் போடு."

"உப்புன்னா?"

"உன் வாழ்க்கையில நடந்தது ஏதாவது. உண்மையா இருக்கணும். கட்டுரைக்கு ஒரு சிட்டிகை. அதுக்கு அவரால முடியாது பாரு, பாவம், அவருக்கு அம்மா அப்பா இல்லையே."

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது சரிதான். ஆனால் நாளைக்கு ஐந்து கட்டுரை. ஐந்து சிட்டிகை.

3.

முதல் மாதம் சின்னவளுக்குக் குஷியாகவே இருந்தது. முதல் பல் விழுந்ததைப் பற்பசைக்குக் கொடுத்தாள். அப்பாவின் குதிகால் வெடிப்பு செருப்புக் கம்பெனிக்குப் போயிற்று. தனக்குக் காய்ச்சல் வந்தபோது அக்கா பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததைத் தெர்மாமீட்டருக்கு எழுதினாள். மூன்றாவது மாதம் கையிருப்பு தீர்ந்தது. முப்பத்தொரு வயது வாழ்க்கை அவ்வளவுதான் வரும் என்று அவள் நினைத்ததே இல்லை.

[இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம். சின்னவளை நல்லவளாகக் காட்டுவதா, கெட்டவளாகக் காட்டுவதா? அவள் நல்லவள்தான். வீட்டு வாடகையிலிருந்து அம்மாவின் மாத்திரை வரை அவள் சம்பளத்தில்தான். ஆனால் அடுத்து அவள் செய்ததை நான் பூசி மெழுகவும் மாட்டேன்.]

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். சின்னவள் அடுத்தவர் வாழ்க்கையில் கைவைத்தாள். சித்தப்பாவின் கடை மூடியது, தோழியின் குழந்தை தாமதமாகப் பேசியது, எல்லாம் போயிற்று. பெயர் போடுவதில்லை என்பதால் திருட்டு என்றே தோன்றவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு, 'தனியாக உறங்குபவர்களுக்கு ஏற்ற மெத்தை' என்ற தலைப்பு வந்து நின்றது.

4.

பெரியவளை அவள் கணவன் விட்டுப் போனபோது, மூன்று மாதம் தங்கை வீட்டில் இருந்தாள். கட்டில் இருந்தும் தரையில், சுவரை ஒட்டிப் படுத்தாள். ஏன் என்று கேட்டதற்கு ஒரே ஒரு முறை பதில் சொன்னாள்.

"கட்டில்ல படுத்தா தூக்கத்துல கை தானா அந்தப் பக்கம் போய்த் தேடுது. இங்கன்னா சுவர் இருக்கு, தேட எடமில்ல."

இதை அவள் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. சின்னவளிடம் மட்டும் சொன்னாள். சின்னவள் அதை, 'என் அக்கா' என்று தொடங்கி, அப்படியே மாப்பிள்ளையிடம் கொடுத்தாள். மாப்பிள்ளை அரை நிமிடத்தில் மெருகேற்றித் தந்தார். தலைப்பும் அவரே வைத்தார்: "உங்கள் கை இனி எதையும் தேட வேண்டாம்." கீழே மெத்தைப் படம், தள்ளுபடிக் குறியீடு.

சின்னவள் ஒருமுறை படித்தாள். மறுபடியும் படித்தாள். மணி பன்னிரண்டுக்குள் இன்னும் இரண்டு அனுப்ப வேண்டியிருந்தது. அனுப்பிவிட்டாள்.

5.

இனி நடந்ததை எந்தக் கற்பனைக்காரனும் யோசித்திருக்க மாட்டான். எனக்கும் தோன்றியிருக்காது.

பெரியவள் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். அவளுக்கு ஒரு பழக்கம். தங்கையின் கட்டுரை வந்ததும், படிப்பதற்கு முன்னாலேயே, கூட வேலை செய்யும் பன்னிரண்டு பேருக்கும் அனுப்பிவிடுவாள். 'என் தங்கச்சி எழுதினது' என்று மேலே ஒரு வரி. மற்றவர்கள் அதைத் திறந்தும் பார்க்க மாட்டார்கள். அன்றைக்குத் தலைப்பு நன்றாக இருந்ததால் எல்லாரும் திறந்தார்கள்.

மதியம் சாப்பாட்டு அறைக்குள் பெரியவள் நுழைந்தபோது பேச்சு சட்டென்று நின்றது. ஒருத்தி எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். எதற்கு என்றே தெரியாமல் இவள் சிரித்திருக்கிறாள். பிறகு கைகழுவும் இடத்தில் நின்றுகொண்டு கட்டுரையைப் படித்தாள்.

மூன்று மணிக்கு எங்கள் அலுவலக மாடிப்படியில் வந்து நின்றாள். நான் தண்ணீர் வாளியைக் கொட்டப் போகும் சாக்கில் அங்கே இருந்தேன். [உண்மையில் அந்த வாளி அப்போது பாதிகூட நிறையவில்லை.]

"அக்கா, நான் உன் பேரைப் போடலக்கா."

"பேரை நான்தான்டி போட்டேன். என் தங்கச்சி எழுதினதுன்னு என் கையாலயே பன்னெண்டு பேருக்கு அனுப்பினேன்."

"எடுத்துடச் சொல்றேன்."

"எங்கேர்ந்து எடுப்ப? அவங்க மண்டைக்குள்ளேர்ந்தா?" பெரியவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் சின்னவளுக்குத் தேவலாம் போலிருந்திருக்கும். "அவர் போனப்பகூட நான் இவ்ளோ அசிங்கப்படலடி. உன்கிட்ட சொன்னா சுவத்துக்கிட்ட சொன்ன மாதிரின்னு நெனச்சேன்."

படியிறங்கிப் போய்விட்டாள். இருவருக்கும் இடையில் முப்பது வருஷத்தில் இப்படி ஒரு நாள் வந்ததில்லை. அம்மா தவிர சின்னவளுக்கு மனசுவிட்டுப் பேச இருந்த ஒரே ஆள் பெரியவள்தான்.

6.

புனல் தன் அறையிலிருந்து ஓடிவந்தார். முகமெல்லாம் பல்.

"பிச்சுக்கிட்டுப் போகுதும்மா! நாலாயிரம் பேர் கேக்கறாங்க, அந்த அக்கா இப்ப எப்படி இருக்காங்கன்னு. ரெண்டாம் பாகம் போடணும், இன்னிக்கே."

"அக்கா செத்துட்டாங்கன்னு எழுதட்டுமா சார்?"

புனல் நிஜமாகவே யோசித்தார். "செத்துட்டா மெத்தை விக்காதேம்மா."

சின்னவள் முடியாது என்றாள். அதனால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. மாப்பிள்ளையே ஐந்து நிமிடத்தில் இரண்டாம் பாகம் எழுதிவிட்டார். அதில் அக்கா மெத்தை வாங்கி, யோகா கற்று, சுயதொழில் தொடங்கி, நிம்மதியாக உறங்கினாள். நாலாயிரம் பேரும் இதயம் போட்டார்கள்.

இப்போது சின்னவள் செய்த பைத்தியக்காரத்தனத்தைச் சொல்ல வேண்டும். அவளை நான் எவ்வளவு கிண்டல் பண்ணினாலும் இந்த இடத்தில் எனக்குப் பாவமாகத்தான் இருக்கிறது. அக்காவிடம் மன்னிப்புக் கேட்க உட்கார்ந்தாள். அரைமணி நேரம் வெறும் திரையைப் பார்த்தாள். ஒரு வரி வரவில்லை. எட்டு மாதமாக முதல் வரியை அவள் எழுதியதே இல்லையே, எப்படி வரும்? மாப்பிள்ளையைக் கேட்டாள்.

"அன்புள்ள அக்கா, உன் தனிப்பட்ட வலியை அனுமதியின்றிப் பகிர்ந்தமைக்கு மனமார வருந்துகிறேன். உன் உணர்வுகள் முற்றிலும் நியாயமானவை..."

படித்தாள். ஏதோ குறைகிறது என்று பட்டது. பழகின கை தானாகவே போய், கடைசியில் உண்மையாக ஒன்றைச் சேர்த்தது: காய்ச்சல் வந்தபோது அக்கா பள்ளிக்கூடம் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. அனுப்பிவிட்டாள்.

பதில் பத்து நிமிடத்தில் வந்தது.

"நாம ரெண்டு பேரும் எப்பவாவது 'முற்றிலும் நியாயமானவை'ன்னு பேசியிருக்கோமாடி? அந்தக் காய்ச்சல் கதை தெர்மாமீட்டருக்கு எழுதினது. எனக்குத் தெரியும். நீ எழுதினது எல்லாத்தையும் நான் படிச்சிருக்கேன். இனிமே படிக்கல."

அன்றைக்குத்தான் சின்னவள் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள்.

7.

அழுது முடித்து, பையை எடுத்துக்கொண்டு நேராக அக்கா வீட்டுக்குப் போனாள். மூன்றாவது மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை. மணியை அழுத்தினாள். கையில் பழம் இல்லை, கடிதம் இல்லை, என்ன சொல்வது என்ற யோசனையும் இல்லை. உள்ளே நடமாடும் சத்தம் கேட்டது. சின்னவள் பிறகு என்னிடம் சொன்னது இதுவரைதான்.

இங்கே முடிவு வர வேண்டும். கைவசம் சில இருக்கின்றன.

அ. மாப்பிள்ளை தந்தது: கதவு திறக்கிறது. கண்ணீர். தழுவல். அன்பே உலகின் மிகச் சிறந்த மெத்தை. [சத்தியமாக இப்படித்தான் தந்தார்.]

ஆ. எனக்குள் இருக்கும் ஆசாமி தந்தது: கதவு திறக்கவில்லை. அவள் படியில் உட்கார்கிறாள். விளக்கு அணைகிறது. [இது இலக்கியம். யாராவது பரிசு கொடுப்பார்கள்.]

இ. பெரியவள் கதவைத் திறந்து

[இதைப் பாதியில் விட்டேன். காரணம் அடுத்து.]

8.

எழுத எழுத எனக்கே உறுத்தியது. சின்னவளிடம் அனுமதி கேட்டிருந்தேன், தாராளமாகக் கொடுத்தாள். கொடுத்தது யாருடையது? அவளுடையதா? ஆகவே பெரியவளுக்குப் போன் செய்து, யார் என்று சொல்லி, ஆரம்பத்திலிருந்து ஏழாம் பகுதி வரை வாசித்துக் காட்டினேன். புனல் பேசும் இடத்தில் சிரித்தாள். நாலாம் பகுதியை மறுபடி வாசிக்கச் சொன்னாள்.

"வாளியத் தூக்கிட்டு நின்னது நீங்கதானா?" என்றாள் கடைசியில்.

"ஆமாங்க."

"நாலாவதுல நான் சொன்னதா போட்டிருக்கீங்கள்ல, அதை எடுத்துடுங்க."

எடுத்துவிட்டேன். நீங்கள் மேலே படித்த கை, சுவர், தரை எதுவும் அவள் சொன்னதல்ல. அவை வேறு சரக்கு. நான் செய்ததா, மாப்பிள்ளை செய்ததா என்று கேட்காதீர்கள். படித்தபோது உங்களுக்கு மனசு கலங்கியிருந்தால், நாலாயிரத்தோடு உங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு, கேட்கக்கூடாது என்று தெரிந்தும் கேட்டேன். "அன்னிக்குக் கதவைத் திறந்தீங்களா?"

அவள் சொன்னாள். முழுதாகவே சொன்னாள். கதவருகே நடந்ததையும், சின்னவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தையையும். எனக்குள் இருந்த ஆசாமி பேனாவைத் தேடினான்.

"சொன்னது உங்களுக்கு. எழுதறதுக்கு இல்ல," என்றாள் பெரியவள்.

"படிக்கிறவங்க முடிவு கேப்பாங்களேங்க."

"கேட்டா, அவங்கவங்க வீட்லேர்ந்து எடுத்துப் போட்டுக்கச் சொல்லுங்க. அவங்களுக்கும் ஒரு அக்காவோ தங்கச்சியோ ஏதாவது சொல்லியிருக்கும்ல? ஒரு நம்பரப் போட்டு எடம் விட்டுடுங்க, அதை அங்க எழுதிட்டு, அப்புறம் அந்த அக்காவுக்கோ தங்கச்சிக்கோ போன் பண்ணிப் படிச்சுக் காட்டட்டும்."

9.