சத்தம் வராத கட்டை

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு, பாட்டுக்காரியின் அக்காள் புருஷன் வங்கி வரிசையில் நின்றபடி தன்னையறியாமல் ஒரே ஒரு ஸ்வரம் பாடினார். சுருதி சுத்தமாக இருந்தது. அதே நிமிடம் நகரத்தின் மறுகோடியில், மூன்றாம் மாடி அறையில், அவள் தன் பழைய பியானோவில் சத்தம் வராத கட்டை ஒன்றை அழுத்தியிருந்தாள். இன்னும் இரண்டு முறை அழுத்திப் பார்த்தாள். அவரும் இன்னும் இரண்டு முறை பாடினார்.

அவள் இசைக்கு வந்தது கொல்லைப்புற வழியாகத்தான். பதினேழு வயதில் ஒரு வாத்தியக் கடையில், பியானோ வாங்க வருகிறவர்களுக்கு வாசித்துக் காட்டும் வேலை. எல்லாக் கட்டையும் ஒழுங்காகப் பேசுகிறது என்று காட்டுவதற்காக முதலாளி கட்டிய ஒரே மெட்டை ஆறு வருடம் வாசித்தாள். ஆள் வராத நேரத்தில் சொந்தமாக மூன்று பாட்டு எழுதினாள். ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருந்த அத்தான், "நம்ம வீட்டுப் புள்ளைக்குச் செய்யாம யாருக்குச் செய்யறது?" என்று மூன்றையும் பதிவு செய்தார். நான்கு மாதம் கழித்துப் பேருந்து வானொலியில் அவள் பாட்டு வேறொரு தொண்டையில் வந்தது. எழுதி இசையமைத்தவர் என்று அத்தான் பெயரைச் சொன்னார்கள். அவளுக்கு வயிறு எரிந்தது. வெளியே சொன்னால் அக்காள் வாழ்க்கை என்னாவது என்று வீட்டில் வாயை அடைத்தார்கள். வேலையை விட்டாள். ஒரு கட்டைக்குக் கம்பியைத் தட்டும் சுத்தியல் உடைந்து, விலைபோகாமல் மூலையில் கிடந்த பியானோவைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அந்தச் செவ்வாய்க்கு மறுநாள் அக்காள் தொலைபேசியில் அழுதாள். "இவருக்கு என்னமோ ஆயிடுச்சுடி. திடீர் திடீர்னு பாடறாரு." கேட்டுக்கொண்டே அவள் விரல் அந்தக் கட்டையில் பட்டது. அக்காளுக்குப் பின்னால் அத்தான் பாடுவது கேட்டது. அழுத்திக்கொண்டே இருந்தாள். அன்றுதான் பல மாதத்துக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள்.

அதன்பின் அவள் எழுதிய பாட்டெல்லாம் அந்தக் கட்டையைச் சுற்றியே ஓடின. அத்தான் பல் மருத்துவர் நாற்காலியில் பாடினார், சாவு வீட்டில் பாடினார், பரிசு வாங்கப் போன மேடையில் நன்றி சொல்ல முடியாமல் பதினோரு முறை பாடினார். மருத்துவர்கள் கையை விரித்தார்கள். அவள் கச்சேரிகளுக்கோ கூட்டம் சேர்ந்தது. பாட்டின் நடுவில் வரும் அந்த வெற்றிடத்துக்காகச் சனங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

தன்னைப் பாடவைப்பது அந்தக் கட்டைதான் என்று ஒருவழியாகக் கண்டுகொண்டு, மூன்றாம் வருடம் அத்தான் செய்தித்தாளில் கால் பக்கம் விளம்பரம் கொடுத்தார்: மூன்று பாட்டும் அவளுடையவை. புதுச் சுத்தியலோடு பியானோ பழுதுபார்ப்பவரையும் அக்காளையும் கூட்டிக்கொண்டு படியேறி வந்தார். "தப்புதாம்மா. இத மட்டும் சரிபண்ண விடு." அவள் விளம்பரத்தை இரண்டு முறை படித்துவிட்டு, பழுதுபார்ப்பவருக்கு டீ கொடுத்து அனுப்பினாள்.

"அதான் பேரக் குடுத்துட்டாரே, இன்னுமாடி கோவம்?" என்றாள் அக்காள்.

"கோவமெல்லாம் தீந்துபோச்சுக்கா. ஆனா பாட்டுக்கு அந்த ஸ்வரம் வேணுமே."

பொய். அவளுக்குக் கோபம் துளியும் தீரவில்லை.

வங்கியில் பாடி மானம்போவதைவிட மேடையில் பாடுவது மேல் என்று அத்தான் இப்போது கச்சேரிகளுக்கே வந்துவிடுகிறார். பியானோவுக்குப் பக்கத்தில் அவருக்கொரு முக்காலி. யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. அழைப்பிதழிலேயே 'ஒரு ஸ்வரம்: அத்தான்' என்று அச்சடிக்கிறார்கள். அவள் எழுதிக்கொண்டிருக்கும் புதுப் பாட்டில் அந்தக் கட்டை நாற்பத்தொரு முறை வருகிறது. அவர் வெந்நீர் குடித்துத் தொண்டையைத் தயார் செய்துகொண்டிருக்கிறார்.