திரும்பி வந்த சோபா

விவாகரத்து ஆகி, பானுப்ரியாவின் சீர் சாமான்கள் விழுப்புரத்திலிருந்து குட்டியானை வண்டியில் திண்டிவனத்துக்குத் திரும்பி வந்தன. அம்மா வீட்டுக் கூடமோ ரயில்பெட்டி மாதிரி நீளமாக, ஒடுக்கமாக இருந்தது.

"சோபாவக் கடைசில, பீரோவுக்குப் பின்னாடி தள்ளுடா. மேல பழைய புடவையப் போத்து. அக்கம்பக்கத்துல பாத்தா ஏன் வந்துச்சுன்னு நோண்டிக்கினே இருப்பாங்க" என்றாள் அம்மா கிருஷ்ணவேணி.

"அதான் அக்கா படுக்கிற எடம். அக்காவையும் சேத்துப் போத்திடலாமா?" என்றான் தம்பி ஜெகதீசன்.

பானுப்ரியாவுக்குக் கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. யாரோ வீட்டுச் சாமானைப் பார்ப்பதுபோல் சோபாவைப் பார்த்தாள். பாழாகிவிடும் என்று மாமியார் பிரிக்கவே விடாத பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது.

"வாசலுக்குப் பக்கத்துல, செவுத்தோரமா நீளவாக்குல போடுடா. நடக்க வழி இருக்கும்" என்றாள்.

போட்டதும் உறையைக் கிழித்து எறிந்துவிட்டு உட்கார்ந்தாள். மெத்தை அமுங்கியது, மனசில் ஒன்றும் அசையவில்லை.

எதிர்வீட்டுத் தைலம்மாள் எட்டிப் பார்த்தாள். "என்னம்மா, சாமானெல்லாம் வந்திருக்கு?"

அம்மா சட்டென்று சமையலறைக்குள் போய்விட்டாள்.

"நானும் வந்துட்டேன் அத்தை. இனிமே இங்கதான்" என்று சொல்லி, பானுப்ரியா சோபாவில் அவளுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.