சோதனைக் குழி

கடப்பாரை நான்காம் முறையும் தெறித்துத் திரும்பியது. லோர்னாவின் கையுறைக்குள் கொப்புளம் உடைந்து ஈரமானது. ஆப்பிள் மரத்தடியில் மேலே ஒரு சாண் சேறு, அதற்குக் கீழே நிலம் பாறையாய் உறைந்து கிடந்தது. மார்ச் கடைசியில் வெர்மாண்ட் மலைப்பக்கத்து மண் இப்படித்தான். நடந்தால் பூட்ஸைப் பிடுங்கிக்கொள்ளும், தோண்டினால் முறைக்கும். ஒரு மணி நேரத்தில் அவளால் ஒரு சோற்றுப்பானை அளவுக்குத்தான் பள்ளம் பறிக்க முடிந்திருந்தது.

அப்பா ஆல்டன் காலை ஆறு மணிக்கு இறந்திருந்தார். உடல் கெடாமலிருக்க முன்னறையில் கணப்பை அணைத்து, ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டு, அம்மா எடித் கோட்டும் கம்பளித் தொப்பியுமாக அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சொந்த நிலத்தில் புதைத்துக்கொள்ள ஊர் அலுவலகம் அனுமதிச் சீட்டுக் கொடுத்துவிட்டது. நிலம்தான் கொடுக்கவில்லை.

குளிர்காலத்தில் சாகிறவர்களுக்கென்று ஊர்க் கல்லறையில் ஒரு கல்கட்டடம் உண்டு. மண் இளகும் மே மாதம் வரை பெட்டிகளை அதற்குள் அடுக்கிப் பூட்டிவைப்பார்கள். ஆல்டனின் அப்பா அங்கே நான்கு மாதம் கிடந்தார். "என்னை அந்த அலமாரியில வச்சுப் பூட்டிடாத லோர்னா. நம்ம தோட்டத்துலயே போட்டுடு" என்று போன வாரம் ஆல்டன் கேட்டார். வாழ்நாளில் மகளிடம் அவர் கேட்டது அது ஒன்றுதான். அவளும் சரி என்றிருந்தாள்.

நாளைக் காலை ஏழு மணியிலிருந்து மண்சாலைகளில் கனமான வண்டிகளுக்குத் தடை. சேறு காயும்வரை, ஒரு மாதத்துக்குக் குறையாமல், எந்தப் பொக்லைனும் மலையேறாது. காலையிலிருந்து மூன்று மண்வேலைக்காரர்களைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டாள்.

"அஸ்திவாரமா, செப்டிக் டேங்கா, வடிகாலாம்மா?" என்று கேட்டார் ஒருவர்.

"எங்கப்பாவுக்குக் குழி."

"மே மாசம் கூப்பிடுங்களேன்" என்றார் அவர்.

மிச்சம் இருந்தது காஸ்டன் ஒருவர்தான். பாலத்துக்கு இந்தப் பக்கம் எந்த வீட்டு முற்றத்துக்கு அடியில் எந்தக் குழாய் போகிறது என்று அவருக்கு மனப்பாடம். ஆனால் அக்டோபரில் லோர்னா அவரை வாசலில் நிறுத்தி வைத்துத் திட்டியிருந்தாள். டாக்டர் கைவிரித்த மறுவாரம் அது. வேலை முடிந்து வந்தவள் தோட்டத்தில் மண் குவிந்திருப்பதைப் பார்த்தாள். "புது செப்டிக் டேங்குக்குச் சோதனைக் குழி. மண்ணு தண்ணிய எப்படி உறிஞ்சுதுன்னு பார்க்கணுமாம்" என்றார் அப்பா. சாகக்கிடக்கிறவருக்குப் புது செப்டிக் டேங்க்! நோயாளியின் தலையில் வேலையைக் கட்டுகிறீர்களே, வெட்கமாக இல்லையா என்று அவள் கத்தினாள். காஸ்டன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வண்டியேறிப் போனார்.

நவம்பரில், அம்மா தவறி விழுந்துவிடுவாள் என்று பயந்து, லோர்னாவே டிராக்டரை ஓட்டி, உள்ளே கிடந்த வைக்கோல் எதற்கென்று யோசிக்காமல் அதன்மேலேயே மண்ணைத் தள்ளி அந்தக் குழியைத் தூர்த்தாள். குழியின் மேலே கிடந்த பலகைகளை வீட்டு வாசலிலிருந்து வண்டி நிற்கும் இடம்வரை சேற்றுக்கு நடைபாதையாகப் போட்டாள். அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாச் சமம் பண்ணிட்டம்மா" என்றார்.

இப்போது வேறு வழியில்லை. மானத்தை விழுங்கிக்கொண்டு கூப்பிட்டாள்.

"போயிட்டாரா?" என்றார் காஸ்டன். "வர்றேன்."

மூன்று மணிக்கு டிரெய்லரில் சின்னப் பொக்லைனுடன் வந்து இறங்கினார். வாசலுக்கு நாலு எட்டு வைத்தவர் நின்று காலடியைக் குனிந்து பார்த்தார்.

"இந்தப் பலகைய ஏன் எடுத்தே?"

"எந்தப் பலகை?"

"நீ நிக்கிற பலகைதான். குழிக்கு மேல நான் அடிச்சது."

"அந்தச் சோதனைக் குழியா? அத நவம்பர்லயே மூடிட்டேன்."

காஸ்டன் தொப்பியைக் கழற்றினார். "ஏழடி நீளத்துல யாரும்மா சோதனைக் குழி வெட்டுவாங்க? குளிர்காலத்துக்குள்ள போயிடுவேன்னு அவருக்குத் தெரியும். மண்ணு இறுகுறதுக்கு முன்னாடி வெட்டி, உள்ள உறையாம இருக்க வைக்கோல் நிரப்பி வச்சிருன்னார். அதான் செஞ்சேன்."

லோர்னா ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். டிராக்டர் ஓட்டிய அந்த மதியம் முழுவதும் அப்பா ஜன்னலில் இருந்தாரே. தன்னைப் படுக்கவைக்கப் போகும் இடத்தை மகள் தூர்ப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தாரே.

"ஏன் சொல்லல நீங்க? அவ்வளவு திட்டினேனே!"

"சொல்லக்கூடாதுன்னுட்டார். 'அவ என்னைப் பொழைக்க வைக்கணும்னு ஓடிக்கிட்டிருக்கா, அதக் கெடுக்காதே'ன்னார்."

அவள் பலகைமேலேயே உட்கார்ந்துவிட்டாள். காஸ்டன் அவளைத் தொடவில்லை, தேற்றவும் இல்லை. டிரெய்லரைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "குழிய மூடுறதுக்குத்தான் நீ கூப்பிடுறேன்னு நெனச்சு சின்னதக் கொண்டாந்துட்டேன். பெரிய வண்டி பாலத்துக்கு அந்தப் பக்கம் நிக்குது. அத ஓட்டி வர்றதுக்குள்ள பொழுது போயிடும். நாளைக்கு ரோட்டுல விட மாட்டான்."

"அப்போ அந்தக் கல்கட்டடந்தானா?"

"இடத்தக் காட்டு."

சமம் செய்த இடத்தை அவளே காட்டினாள். பொக்லைனின் பல் தரையில் பட்டுச் சறுக்கியது. காஸ்டன் அழுத்தினார். மண் அசையாமல் வண்டியின் முன்பக்கம்தான் மேலே எழும்பியது. இறங்கினார், ஏறினார், வேறு மூலையில் வைத்து அழுத்தினார். ஒரு மணி நேரம் போயிற்று. மேற்கே வெயில் மரங்களுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. லோர்னா கடப்பாரையை எடுத்துவந்து பல் கீறிய கோட்டிலேயே குத்தினாள். எங்கே குத்துகிறோம் என்றுகூடப் பார்க்கவில்லை.

"தள்ளி நில்லும்மா, கால் போயிடும்!"

"நான் தூர்த்தது. நான்தான் தோண்டணும்."

"சரி, இந்தப் பக்கமா நின்னு தோண்டு" என்று காஸ்டன் இயந்திரத்தைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார்.

அம்மா கதவைத் திறந்து எட்டிப்பார்த்தாள். "என்னடி, ஆகுமா ஆகாதா?"

"தோண்டுறோம்மா" என்றாள் லோர்னா. மற்றதை அவளால் சொல்ல முடியவில்லை. இன்றைக்குச் சொல்லப்போவதும் இல்லை.

ஐந்து மணி வாக்கில் பூமிக்குள் ஏதோ முறிந்தது. கதவு அகலத்துக்கு ஒரு உறைந்த கட்டி புரண்டு எழுந்தது. அதன் அடியில் ஒட்டிக்கொண்டு வந்தது வைக்கோல், மஞ்சளாக, ஈரமில்லாமல். அதற்கும் கீழே காஸ்டன் அக்டோபரில் செதுக்கிய சுவர்கள் நேராக இறங்கின. லோர்னா ஒரு பிடி வைக்கோலை எடுத்து வைத்துக்கொண்டு நின்றாள். காஸ்டன் இயந்திரத்தை அணைத்தார்.

"பெட்டியத் தூக்க நாலு பேர கூட்டிட்டு விடிஞ்சதும் வந்துடறேன்" என்றார். "மனுசங்க நடந்து வர்றதுக்குத் தடையில்ல."

அம்மா வாசலுக்கு வந்திருந்தாள். வீட்டுக்கும் மரங்களுக்கும் நடுவே கிடந்த சேற்றைப் பார்த்தாள். "இதுல எப்படிடி தூக்கிட்டுப் போவாங்க?"

லோர்னா நடைபாதைக்குப் போனாள். முதல் பலகையின் ஓரத்தில் விரலை நுழைத்து நெம்பி எடுத்தாள். அடியில் காஸ்டன் அடித்த ஆணிகள் அப்படியே இருந்தன. அவற்றைக் கல்லால் மடக்கிவிட்டு, பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு போய்த் தோட்டத்துக் குழிப்பக்கமாகச் சேற்றின்மேல் போட்டாள். மேலே ஒருமுறை ஏறி நின்று பார்த்தாள். பிறகு அடுத்ததை எடுக்கத் திரும்பினாள்.