கண்ணில் ஊற்றாத தேன்

தனகோடியின் இடது கண் சிவந்து பீளை கட்டியதும், பக்கத்துத் தறிக்காரன் குப்புராஜ் புட்டியில் தேனோடு வந்துவிட்டான்.

"ஒரு சொட்டு வுடு, ஜல்தியா போயிடும். எங்க மாமனுக்கு அப்டிதான் வுட்டோம்."

"வுட்டு, அவரு ராவெல்லாம் குதிச்சிகினு இருந்தாரே, அதையும் சொல்லுண்ணா," என்றாள் தனகோடியின் மனைவி லாவண்யா. "தேன் தோசைக்கு ஆவும், குடு."

கண்ணுக்குள் எதுவும் போகக்கூடாது என்பதில் அவள் கறாராக இருந்தாள். கொதித்து ஆறிய நீரில் துணியை நனைத்துப் பீளையைத் துடைத்தாள். துடைத்த துணி மறுபடி முகத்தருகே வரவில்லை. அவன் துண்டைத் தனியாகக் கொதிநீரில் வேகவைத்தாள். மூடிய இமைமேல் ஈரமான நந்தியாவட்டைப் பூவை வைத்துவிட்டு, தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலைப் பிணைக்க உட்கார்ந்தாள். விரலில் சாம்பல் தொட்டு, பழைய பாவின் ஒவ்வொரு இழை நுனியோடும் புதிய இழையைச் சேர்த்து முறுக்க வேண்டும். படுத்திருந்த தனகோடிக்கு அந்த மெல்லிய உரசல் மட்டும் கேட்டது. கண் போய்விட்டால் தறிக்குழியில் யார் இறங்குவது என்ற பயத்தை அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாமலும் இல்லை.

காலையில் அவனுடைய நல்ல கண்ணைப் பொத்தி இரண்டு பட்டிழைகளைக் காட்டுவாள். "எது அரக்கு, எது மெரூன்?" முதல் இரண்டு நாளும் சரியாகச் சொன்னான். பீளையும் குறைந்திருந்தது. மூன்றாம் நாள் வெளிச்சம் ஊசியாகக் குத்தியது. இரண்டு இழையும் ஒரே மங்கலாகத் தெரிந்தன.

"ஒண்ணாத்தான் கீது," என்றான்.

பாவில் பாதி பிணைந்திருந்தது. தொடங்கிய பிணைப்பை முடிக்காமல் எழுந்து வெளியே போவது அந்தத் தெருவில் ஆகாது. லாவண்யா சாம்பல் கையைக் கழுவினாள்.

"பாவு..." என்றான் தனகோடி.

"அது எங்கியும் ஓடிப் பூடாது. சட்டைய மாட்டு. வேலூர் பஸ்ஸு வந்துடும்."

வாசலில் குப்புராஜ் தடுத்தான். "பாதில எழுந்தா ஆவாதும்மா."

"கண்ணு ரெண்டுதாண்ணா. பாவு வேற போட்டுக்கலாம்."

கருவிழியில் புண் என்றார் வேலூர் டாக்டர். இன்னும் தாமதித்திருந்தால் பார்வை போயிருக்கும், எதையும் ஊற்றாமல் வந்தது நல்லதாயிற்று, சொட்டு மருந்தில் ஆறிவிடும் என்றார். லாவண்யா கேட்டது ஒன்றுதான்:

"இவரு துண்ட இன்னும் தனியாவே வேவிக்கணுங்களா?"

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான், ஒற்றைக் கண்ணால்.