வெர்னுடைய துப்பாக்கி

பதினோரு வருடமாக எங்கள் நகரசபைக் கூட்டத்தில் வெர்னும் நானும் ஆளுக்கு மூன்று நிமிடம் பேசிவருகிறோம். துப்பாக்கி கைமாறும்போதெல்லாம் வாங்குபவரின் பின்னணியைச் சோதிக்க வேண்டும் என்பேன் நான். துப்பாக்கி வைத்துக்கொள்ள அரசியல் சாசனம் தந்த உரிமையில் கை வைக்காதே என்பார் அவர். சோதனைச் சட்டம் வந்த பிறகும் சண்டை ஓயவில்லை; ஊருக்கே எங்கள் பேச்சு மனப்பாடம். எனக்கே அலுத்துவிட்டது. என் தம்பி தன் துப்பாக்கியாலேயே தன்னைச் சுட்டுக்கொண்டான், அதனால்தான் இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன்.

வெர்ன் எனக்கு அடுத்த வீடு. பிப்ரவரியில் அவர் மனைவி ஐரீன் இறந்தாள். மூன்று வாரம் கழித்து ஒரு காலை, நான் வாசல் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தபோது ஒரு ஷூ பெட்டியோடு வந்து நின்றார்.

"கோரா, இதைக் கொஞ்ச நாள் உன் வீட்ல வச்சுக்கோ."

உள்ளே கைத்துப்பாக்கி. வேட்டைத் துப்பாக்கிகளை எப்போதோ விற்றுவிட்டார், அவரிடம் இருந்தது இது ஒன்றுதான். என் தம்பியின் நினைவு வந்தது. அவர் சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார்.

"இப்படிக் கொடுக்கணும்னா துப்பாக்கிக் கடையில போய் படிவம் எழுதணும், வெர்ன்."

"தெரியும். நீ வீடு வீடா கையெழுத்து வாங்கிக் கொண்டுவந்த சட்டமாச்சே. கடைக்காரன் ஏன்னு கேப்பான். சாயங்காலத்துக்குள்ள ஊரே என் வாசல்ல நிக்கும்."

"உங்க துப்பாக்கிச் சங்கத்து ஆளுங்ககிட்ட கொடுக்கலாமே?"

"கொடுக்கலாம். நான் திருப்பிக் கேட்டா மறுபேச்சு பேசாம கொடுத்துடுவானுங்க." பனியைப் பார்த்தபடி சொன்னார். "நீ கொடுக்க மாட்ட."

வாங்கிக்கொண்டேன். அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். என் சட்டத்தை நானே மீறினேன், அவ்வளவுதான்.

அடுத்த செவ்வாய் கூட்டம். வெர்ன் டை கட்டி வந்திருந்தார். "என் வீட்டுத் துப்பாக்கியை எவனும் எடுத்துட்டுப் போக முடியாது" என்றார். கைதட்டினார்கள். ஒரே வாக்கியத்தில் அவர் மானத்தை வாங்கியிருக்கலாம். வழக்கமானதையே சொல்லி இரண்டு நிமிடத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

வெளியே, வண்டிகள் நிற்கும் இடத்தில் என்னைப் பிடித்தார்.

"ஒரு நிமிஷத்தை வீணாக்கிட்டியே. வயசாயிடுச்சு உனக்கு."

"உங்களைவிடக் கம்மிதான்."

"கோரா, அந்தப் பெட்டியைக் கொடுத்துடு. இப்ப எனக்குப் பரவாயில்ல."

டைக்குக் கீழே அதே சட்டை. பொத்தான்கள் அப்படியே மாறிக் கிடந்தன.

"மாட்டேன்."

"அது என்னோடது. என் உரிமை."

"ஆமா, உங்க உரிமைதான். தர மாட்டேன்."

அவர் முகம் சிவந்தது. "உன்ன மாதிரி ஆளுங்களைப் பத்தித்தான் இத்தனை வருஷமா தொண்டை கிழியக் கத்துறேன்" என்று சொல்லி வண்டிக் கதவை அறைந்து சாத்தினார். ஆனால் வண்டி நகரவில்லை. கண்ணாடி மெல்ல இறங்கியது.

"நாளைக்கும் வந்து கேப்பேன்."

"கேளுங்க."

"என்ன சொல்லுவ?"

"மாட்டேன்னுதான்."

அவர் வண்டியைக் கிளப்பினார்.

"அப்ப காபி போட்டு வை. எட்டு மணிக்கு வரேன்."

மறுநாள் ஏழரைக்கே காபி போட்டுவிட்டு ஜன்னலில் நின்றேன். எட்டு அடித்தது. அவர் வீட்டுக் கதவு திறக்கவில்லை. துப்பாக்கி என்னிடம் இருந்தும், அவர் வீட்டுக்குப் போகக் காலணியை மாட்டினேன். எட்டேகாலுக்குக் கதவு திறந்தது. வந்து உட்கார்ந்ததும் பெட்டியைக் கேட்டார். மாட்டேன் என்று சொல்லிக் காபியை ஊற்றினேன்.